உதார் எத்தனை ரவுண்டு தாங்கும்?

வடசென்னைக் குத்துச்சண்டையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஒரே பரம்பரையை, அதாவது ஒரே வாத்தியார் வழியைச் சேர்ந்த இருவர் மேடையில் மோதிக்கொள்ள மாட்டார்கள். சார்பட்டாக்காரர் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரரோடு மோதலாம். எல்லப்ப செட்டியார் பரம்பரையிலிருந்து ஒருவரைச் சவாலுக்கு அழைக்கலாம். தன் வாத்தியாரிடமே பழகும் இன்னொருவனை மட்டும் தொடக்கூடாது. விசுவாசம், மரியாதை, ஒற்றுமை என்றுதான் இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது சரியான விளக்கம்தான். ஆனால் இந்த விதி, யாரும் திட்டமிடாத வேறொரு காரியத்தையும் செய்துவந்தது. தினமும் கையுறை மாட்டி அடித்துப் பழகியவனோடு சண்டை கிடையாது. சண்டைக்கு வருகிறவனோடு பழக்கம் கிடையாது. அவனுடைய இடது கை எந்தக் கோணத்தில் வரும், வயிற்றில் ஒரு குத்து விழுந்தால் கையைக் கீழே இறக்குவானா, மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்குமா என்று நேரில் அறிய வழியில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது பேச்சு மட்டும்தான். யாரோ பார்த்தது, யாரோ கேட்டது, சுவரொட்டியில் அச்சானது.

மிரட்டல் அந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது. குத்துச்சண்டையில் பிம்பம் எவ்வளவு வேலை செய்யும் என்ற கேள்விக்கு உலகம் முழுக்கப் பெரிய பெயர்களை வைத்துப் பதில் சொல்கிறார்கள். லிஸ்டனின் முறைப்பு, அலியின் வாய், டைசனின் கறுப்பு டிரவுசர். அவற்றுக்கும் வருகிறேன். எதிராளியைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியுமோ அவ்வளவு தூரம்தான் உதார் செல்லும் என்பதைப் புரிந்துகொள்ள, லாஸ் வேகாஸைவிட நம்முடைய பரம்பரைகள் நல்ல களம்.

சென்னைக்கு வடக்கே உள்ள அத்திப்பட்டிலிருந்து நகருக்குப் புறநகர் ரயில் ஏறினால் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று நிலையங்கள் வரும். அங்கிருந்து ஒரு பாதை ராயபுரம் வழியே கடற்கரை நிலையத்துக்குப் பிரியும். இந்தத் தண்டவாளத்தின் தென்கோடியைச் சுற்றித்தான் பரம்பரைகள் வேர்விட்டன. துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள், கோட்டையில் இருந்த சிப்பாய்கள், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் ஆடிய ஆட்டத்தைத் துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பார்த்துப் பழகித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ராயபுரத்து வீடுகளில் கரி படிய வைத்த நிலக்கரி இறக்குமதி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்த் துறைமுகத்துக்கு, அதாவது அத்திப்பட்டின் வாசலுக்கு, இடம்பெயர்ந்தது. நிலக்கரி வந்தது, அதைச் சுமந்தவர்கள் வளர்த்த குத்துச்சண்டைக் கலாசாரம் அதே வேகத்தில் வடக்கே வரவில்லை. அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலருக்குச் சார்பட்டா என்ற பெயரே 2021 ஜூலையில் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு அறிமுகமானதுதான்.

படத்துக்கு முன்பே அந்த உலகத்துக்குத் தனி மொழி இருந்தது. போட்டிக்கான சுவரொட்டிகளில் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று போடுவார்கள். குத்துச்சண்டைக்கு வேகம், நுட்பம், வலிமை என்று எத்தனையோ அடைமொழி பொருந்தும். விளம்பரம் எழுதியவர் ரோஷத்தைத் தேர்ந்தெடுத்தார். பார்க்க வருகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் இருவர் அடித்துக்கொள்வதை மட்டும் காண அவன் வரவில்லை. தன் தெருவின் மானம் பந்தயத்தில் இருப்பதைக் காண வந்தான்.

கித்தேரி முத்துவின் கதை இதற்குச் சான்று. சார்பட்டா பரம்பரையைச் சேர்ந்த அவர், நாட் டெர்ரி என்ற பேர்பெற்ற வீரரைத் தோற்கடித்தார் என்றும், அதற்காகப் பெரியார் அவரைத் ‘திராவிட வீரன்’ என்று பாராட்டினார் என்றும் வடசென்னைக் குத்துச்சண்டைக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. டெர்ரி எத்தனை பேரை வீழ்த்தியிருந்தார் என்பது சொல்பவரைப் பொறுத்துக் கூடும், குறையும். அந்தக் கூடுதல் குறைவே நமக்குத் தேவையான தகவல். வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆட்டத்தில் வெள்ளைக்காரப் பெயரோடு நிற்கும் ஒருவரை நம்மவர் அசைக்க முடியாது என்ற எண்ணம் டெர்ரிக்கு முன்னால் நடந்துவந்தது. முத்து ஜெயித்தபோது அந்த எண்ணமும் சேர்ந்து விழுந்தது. அவருக்குக் கிடைத்த பட்டத்தைக் கவனியுங்கள். முகமது அலி தன்னைத்தானே ‘மாபெரும் வீரன்’ என்று அறிவித்துக்கொண்டார். முத்துவின் பட்டம் ஓர் அரசியல் இயக்கத்தின் பெயரோடு, ஓர் இனத்தின் பெயரில், வெளியிலிருந்து வந்தது. அலியின் பிம்பத்துக்கு உரிமையாளர் அலி. முத்துவின் பிம்பத்துக்கு உரிமையாளர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். இந்த வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாகும்.

இப்போது மியாமி கடற்கரைக்குப் போகலாம். 1964 பிப்ரவரி 25. குத்துச்சண்டைச் சாம்பியன் சோனி லிஸ்டன் அந்நாளில் உலகிலேயே மிகவும் அச்சம் தரும் மனிதர். சிறை சென்றவர், ரவுடிக் கூட்டங்களோடு தொடர்பு உள்ளவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஓடியது. அங்கிக்குள் துண்டுகளைத் திணித்துத் தோளைப் பெரிதாக்கிக் காட்டுவார் என்பார்கள். நடுவர் விதிகளைச் சொல்லும்போது எதிராளியை இமைக்காமல் பார்ப்பார். ஃபிளாய்ட் பேட்டர்சனை 1962-லும் 1963-லும் முதல் ரவுண்டிலேயே படுக்கவைத்திருந்தார். முதல் தோல்விக்குப் பின் பேட்டர்சன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறினார். அப்படிப்பட்ட லிஸ்டனை எதிர்த்து 22 வயது கேஷியஸ் கிளே, அதாவது பின்னாளைய முகமது அலி, நின்றபோது, கருத்துச் சொன்ன 46 பத்திரிகையாளர்களில் 43 பேர் லிஸ்டன் பக்கம்.

அன்று காலை எடை பார்க்கும் சடங்கில் கிளே கூச்சலிட்டு, தடியைத் தரையில் தட்டி, லிஸ்டன் மீது பாயப் போகிறவர்போல் ஆட்டம் காட்டினார். 2,500 டாலர் அபராதம் விதித்தார்கள். மருத்துவர் நாடி பிடித்தபோது நிமிடத்துக்கு 120. கிளேயின் வழக்கமான துடிப்பு 54. பையன் பயத்தில் நிலைகுலைந்துவிட்டான் என்றே எல்லோரும் எண்ணினார்கள். சிறிது நேரத்தில் நாடி பழைய நிலைக்குத் திரும்பியது. கிளே பின்னாளில் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: சிறையைக் கண்ட லிஸ்டன் முரடனுக்கு அஞ்ச மாட்டார், ஆனால் பைத்தியக்காரன் என்ன செய்வான் என்று யாராலும் கணிக்க முடியாது. லிஸ்டனின் மிரட்டல் ‘நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்’ என்ற வகை. கிளேயுடையது ‘நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாது’ என்ற வகை. இரண்டாவது முதலாவதைத் தின்றுவிட்டது. ஆறு ரவுண்டுகள் முடிந்து ஏழாவதற்கு லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை.

ஆனால் இந்தக் கதையை வாயின் வெற்றியாகச் சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். கிளேயின் கால்கள் அன்று லிஸ்டன் அதுவரை பார்த்திராத வேகத்தில் நகர்ந்தன. மூன்றாவது ரவுண்டில் லிஸ்டனின் கண்ணுக்குக் கீழே கிழிந்தது; அவர் முகம் அப்படிக் கிழிந்து யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் முதலிரண்டு ரவுண்டுகளில் விழுந்துகொண்டிருந்ததால் நீண்ட சண்டைக்குத் தன்னைத் தயார்செய்யும் அவசியம் லிஸ்டனுக்கு வரவேயில்லை. தன் உதாரை அவரே நம்பிவிட்டார். பிம்பம் எதிராளிக்குச் செய்யும் கெடுதலைவிட, சொந்தக்காரனைப் பயிற்சிக் கூடத்திலிருந்து விலக்கிவைத்துச் செய்யும் கெடுதல் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

அச்சம் உடம்பில் என்ன செய்கிறது? அட்ரினலின் பெருகும், இதயம் விரையும். இது ஓரளவுக்கு நல்லது. சுத்தமாகப் பயமில்லாதவன் மெதுவாகத்தான் தொடங்குவான். அளவு மீறினால் தோளும் கழுத்தும் இறுகும். இறுகிய தோளிலிருந்து வரும் குத்து கிளம்பும்போதே எதிராளிக்குத் தெரிந்துவிடும், பாதி வழியில் வேகமும் இழக்கும். மூச்சை அடக்கிக்கொள்வதால் களைப்பு சீக்கிரம் வரும். பார்வை எதிராளியின் கையுறையில் ஒட்டிக்கொள்ளும், காலின் நகர்வு தப்பிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், தாமதம். குத்து வந்தபின் தடுக்க நினைப்பவன் தோற்றுவிட்டான். வருமுன் நகர்கிறவன்தான் தப்புகிறான். பயம் அந்த நொடியின் பின்னத்தைத் திருடிவிடுகிறது. 1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக் டைசன் முன்னால் நின்ற மைக்கேல் ஸ்பிங்க்ஸ் சாதாரண ஆள் அல்ல, அதுவரை ஒரு தொழில்முறைச் சண்டையிலும் தோற்காதவர். அவருக்கு 91 விநாடிதான் ஆயிற்று. டைசன் அங்கியில்லாமல், காலுறை இல்லாமல், கறுப்பு டிரவுசரோடு கூடத்துக்குள் நுழைந்தபோதே சண்டையின் பாதி முடிந்திருந்தது என்று பார்த்தவர்கள் எழுதினார்கள்.

அந்த டைசனே, தன்னைப் பற்றிய 2008 ஆவணப்படத்தில், ரிங்கை நோக்கி நடக்கும்போது தனக்குள் இருந்த பயத்தை விவரிக்கிறார். நெருங்க நெருங்க நம்பிக்கை கூடும், உள்ளே ஏறியதும் தான் கடவுள் என்று தோன்றும் என்கிற பொருளில் பேசுகிறார். ஜார்ஜ் ஃபோர்மனும் அப்படித்தான். 1973-ல் கிங்ஸ்டனில் ஜோ ஃபிரேஸியரை இரண்டு ரவுண்டுகளில் ஆறு முறை வீழ்த்தியவர், அன்று முறைத்துப் பார்த்த நேரத்தில் தன் முழங்கால்கள் நடுங்கியதாகவும் ஃபிரேஸியர் கீழே பார்த்துவிடக்கூடாதே என்று தவித்ததாகவும் பின்னாளில் சொன்னார். மிரட்டுகிறவன் பயமற்றவன் என்பது பார்வையாளரின் மூடநம்பிக்கை.

ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் மைக்கேல் கிராஸும் டெ-வே டேவிட் சென்னும், கலப்புத் தற்காப்புக் கலை வீரர்கள் சண்டைக்கு முன் நேருக்கு நேர் நின்று எடுத்துக்கொண்ட படங்களை ஆராய்ந்தார்கள். அதிகம் புன்னகைத்தவர்கள் மறுநாள் மோசமாக ஆடினார்கள் என்பது முடிவு. புன்னகை தோல்வியை வரவழைத்ததா, உள்ளுக்குள் தன்னைச் சிறியவனாக உணர்ந்தவன் புன்னகைத்தானா? இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஃபோர்மன் 1974-ல் கின்ஷாசாவில் உர்ரென்று நின்று அலியிடம் தோற்றார். இருபது ஆண்டு கழித்து, ஊரெல்லாம் கொண்டாடும் சிரித்த முகக்காரராக, 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி உலகச் சாம்பியன் ஆனார். சிரிப்பு அவருடைய குத்தின் கனத்தைக் குறைத்துவிடவில்லை.

இன்னொரு ஆய்வு பத்திரிகைகளில் அதிகம் ஓடியது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டை உள்ளிட்ட சண்டை விளையாட்டுகளில் சிவப்பு உடை அணிந்தவர்கள் சுமார் 55 சதவீதம் வென்றார்கள் என்று 2005-ல் ஹில், பார்ட்டன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பின்னால் இன்னும் பெரிய தரவுகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாதகம் தென்படவில்லை. சிவப்புக் கயிறு கட்டி அனுப்பும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆதாரம் கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்திருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

எனக்கு நம்பகமாகத் தெரியும் எண்கள் வேறிடத்தில் இருக்கின்றன. ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் சண்டைகளைப் பல பத்தாண்டுகளுக்கு ஆராய்ந்து பால்மர், நெவில், லேன் மூவரும் 2005-ல் வெளியிட்ட கணக்கு: சொந்த ஊரில் சண்டையிடுபவர் வெல்லும் வாய்ப்பு, நாக் அவுட்டில் முடிந்தால் 57 சதவீதம், நடுவர் நிறுத்தினால் 66, புள்ளிக் கணக்கில் முடிந்தால் 74. நாக் அவுட்டுக்கு யாருடைய தீர்ப்பும் வேண்டாம், விழுந்தவன் விழுந்தவன்தான். தீர்ப்பில் மனிதர் பங்கு கூடக்கூட உள்ளூர்க்காரனின் சாதகமும் கூடுகிறது. அதாவது கூட்டத்தின் இரைச்சலும் பெயரின் எடையும் எதிராளியின் தாடையைவிட நடுவரின் பேனாவில் அதிகம் வேலை செய்கின்றன. ஒரு குத்து பட்டதா, பாதி தடுக்கப்பட்டதா என்று தெரியாத நொடியில் அரங்கம் ‘ஓ’ என்று எழுந்தால் கண் அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. உதாரின் ஆயுள் ரிங்குக்குள் சில ரவுண்டுகள். ரிங்கைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில் அது கடைசி மணிவரை இருக்கும்.

இந்த அளவுகோலோடு பரம்பரைகளுக்குத் திரும்பினால் ஒரு விநோதம் கண்ணில் படும். லிஸ்டன், டைசன் மிரட்டலெல்லாம் எதிராளியைக் குறிவைத்தது. நம்மூரில் மிரட்டலின் பாதி சொந்த வீரன் தலையில்தான் விழுந்தது. ஜெயித்தால் பரம்பரை ஜெயித்தது, தோற்றால் இவன் தோற்கடித்தான். பாக்ஸிங் பார்க்க வந்தவர்கள் அவனுடைய மாமன், மச்சான், பங்காளி, அண்டை வீட்டு அண்ணன். மறுநாள் காலை குழாயடியில், வேலைக்குப் போகும் வழியில் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். லாஸ் வேகாஸில் தோற்றவன் பணத்தோடு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். கதவே இல்லாத தெருவில் தோற்றவன் எங்கே போவான்?

இரஞ்சித்தும் அவரோடு எழுதிய தமிழ்ப்பிரபாவும் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். படத்தில் ரங்கன் வாத்தியார், அடுத்த சண்டையில் தோற்றால் சார்பட்டா பரம்பரை இனி பாக்ஸிங்கே ஆடாது என்று சபதம் செய்கிறார். எதிர்த்தரப்பை மிரட்டச் சொன்ன அந்த வார்த்தை, உடனே தன் பக்கத்தில் யார் சண்டையிடுவது என்ற அடிதடியாகத் திரும்புகிறது. புறநானூற்றில் வஞ்சினக் காஞ்சி என்றொரு துறை உண்டு. இளையவன் என்று இகழ்ந்தவர்களைப் போரில் வெல்லாவிட்டால் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், புலவர்கள் என்னைப் பாடாமல் போகட்டும் என்ற பொருளில் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடிய பாட்டு அதில் பெயர்பெற்றது. அலியின் எதுகைகள் எதிராளி எந்த ரவுண்டில் விழுவான் என்று சொல்லும். பாண்டியனின் வஞ்சினம், தவறினால் தனக்கு என்ன நேரட்டும் என்று சொல்லும். ரங்கன் வாத்தியார் பாண்டியன் வழி. இந்த வகை மிரட்டலில் கம்பீரம் அதிகம், செலவும் அதிகம். செலவை ஏற்பவன் மேடையேறும் இளைஞன்.

படத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போன டான்ஸிங் ரோஸ் இதற்கு விதிவிலக்காக நிற்பது தற்செயல் அல்ல. ஷபீர் நடித்த அந்தப் பாத்திரத்தின் ஆட்டத்தைக் கண்டவர்கள் ஷெஃபீல்டைச் சேர்ந்த நசீம் ஹமீதை நினைத்துக்கொண்டார்கள். அவனுடைய கெத்து அவனுக்கே சொந்தம். யார் மானத்தையும் சுமக்காததால் தோள் தளர்ந்திருக்கிறது, கால் துள்ளுகிறது. எதிராளியைக் குழப்பவே பிறந்த அந்த நடை, எதிராளி அதன் தாளத்தைக் கண்டுபிடிக்கும் வரைதான். நிஜ ஹமீதுக்கும் அதுவே நடந்தது. தோல்வியே அறியாத அவரை 2001 ஏப்ரலில் மார்க்கோ அந்தோனியோ பரேரா பொறுமையாக, அலங்காரத்தைக் கண்டுகொள்ளாமல், பன்னிரண்டு ரவுண்டும் ஆடிப் புள்ளியில் வென்றார். அதன் பிறகு ஹமீது ஆடியது ஒரே ஒரு சண்டை.

அறிமுகம் உதாரைக் கொல்லும் என்பதற்குச் சென்னையே ஒரு சாட்சி தரும். 1980 தொடக்கத்தில் முகமது அலி இங்கே வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். தமிழகச் சாம்பியன் ராக்கி பிராஸுக்கும் அவரோடு சில நிமிடம் கையுறை மாட்ட வாய்த்தது. அந்த இந்தியப் பயணத்தில் இருந்தபோதுதான் அமெரிக்க அதிபர் கார்ட்டர், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆதரவு திரட்ட அவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். பிம்பம் என்று பார்த்தால் அது உச்சம். ஒரு வல்லரசு தன் தூதராக்கும் அளவு பெரிய மனிதர். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன்னால் அந்தப் பிம்பத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. காரணம் எளிது. ஹோம்ஸ் பல ஆண்டுகள் அலியின் பயிற்சித் துணையாக இருந்தவர். பேச்சு எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தன் விலா எலும்பால் கற்றவர். அலி வாயைத் திறந்தபோது ஹோம்ஸுக்கு அது பழைய வீட்டுப் பேச்சு. பத்து ரவுண்டுகளுக்குப் பின் அலியின் தரப்பே போதும் என்று நிறுத்தியது. பரம்பரை விதி தடுத்த சண்டை எதுவோ, சரியாக அந்தச் சண்டை இது. ஒரே கூடத்தில் வளர்ந்தவர்கள் மோதினால் மிரட்டலுக்கு இடமே இருக்காது, மிஞ்சுவது திறமையும் வயதும்தான்.

டைசனின் வீழ்ச்சியையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். 1996-ல் அவரைப் பதினொன்றாவது ரவுண்டில் நிறுத்திய இவாண்டர் ஹோலிஃபீல்ட், 1984 ஒலிம்பிக் தேர்வுக் காலத்திலிருந்தே டைசனை அறிந்தவர். 1990-ல் டோக்கியோவில் 42-க்கு 1 என்ற பந்தயக் கணக்கைப் பொய்யாக்கிய பஸ்டர் டக்ளஸ் வழக்கு வேறு. சண்டைக்குச் சில வாரம் முன்பு தாயைப் பறிகொடுத்தவருக்கு டைசனின் முறைப்பு எம்மாத்திரம்?

இனி வடசென்னையின் இருண்ட பக்கம். பரம்பரைச் சண்டைகளுக்குப் பின்னால் கைகலப்பு நடப்பதும், கட்சிக்காரர்கள் உள்ளே நுழைவதும், காவல்துறை அனுமதி மறுப்பதும் சேர்ந்து பெரிய மேடைகள் அருகிப்போயின. மேடை போனது, ‘பாக்ஸர்’ என்ற முன்னொட்டு போகவில்லை. 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறைக் கைதி ஒருவர் இறந்தார். அவரை எல்லோரும் அறிந்த பெயர் ‘பாக்ஸர்’ வடிவேலு. அந்தச் சாவைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் துணைச் சிறை அதிகாரி ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். ஓர் அடைமொழிக்கு அவ்வளவு கனம் இருந்தது. அந்த மனிதரின் வாழ்க்கையை நான் இங்கே எடைபோடவில்லை. அடைமொழி என்ன ஆனது என்பதுதான் என் கவலை. ரிங் இருக்கும்வரை ‘பாக்ஸர்’ என்ற பெயர் தணிக்கைக்கு உட்பட்டது. கயிறுகளுக்குள் ஏறி, எடை பார்த்து, நடுவர் முன்னால் மூன்று நிமிடம் மூன்று நிமிடமாக நிரூபிக்க வேண்டும். தோற்றால் ஊருக்குத் தெரியும். ரிங் இல்லாத தெருவில் அதே பெயருக்குத் தணிக்கை கிடையாது. உதாரைச் சோதிக்க மணியடிப்பவர் இல்லாதபோது அது முடிவதே இல்லை, கத்தியாக மாறும்வரை வளரும். குத்துச்சண்டை ரவுடித்தனத்தை வளர்க்கிறது என்று அந்நாளில் சொன்னவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் மிரட்டல் வேறு உருவில் வருகிறது. வடசென்னையைச் சேர்ந்த துளசியைப் பின்தொடர்ந்து நார்வே நாட்டு இயக்குநர்கள் இருவர் எடுத்த ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ என்ற 2013 ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அந்தப் பெண்ணுக்கு எதிராளியின் முறைப்பு ஒரு பொருட்டே அல்ல. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவுசெய்யும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள்தான் அச்சம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை என்ற கனவு அவர்கள் கையெழுத்தில் தொங்குகிறது. பெரிய அளவிலும் இதே கதை. 2019-ல் இளம் வீராங்கனை நிகத் ஜரீன், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரி கோமோடு தேர்வுச் சண்டை வேண்டும் என்று விளையாட்டு அமைச்சருக்கு எழுதினார். மேரி கோம், யார் இந்த நிகத் என்று கேட்டது செய்தியானது. டிசம்பர் 28 அன்று டெல்லியில் மேரி கோம் 9-1 என்று வென்றார், கைகுலுக்க மறுத்தார். ஆறு முறை உலகச் சாம்பியன், மாநிலங்களவை உறுப்பினர் என்ற அத்தனை எடைக்கும் எதிரே ஏறுவது 23 வயதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் அதே நிகத் உலகச் சாம்பியன். ஒரு முறை அந்தக் கயிறுகளுக்குள் அந்தப் பிம்பத்தின் முன் நின்று திரும்பியவருக்கு இஸ்தான்புல்லில் யாரும் பெரிதாகத் தெரிந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

அமெச்சூர் சண்டை மூன்று ரவுண்டுதான். ரவுண்டுக்கு மூன்று நிமிடம், மொத்தம் ஒன்பது நிமிடம். பன்னிரண்டு ரவுண்டு ஆடும் தொழில்முறை வீரன் முதல் இரண்டைப் பயத்தில் இழந்தாலும் மீட்க நேரமுண்டு. பரேரா போன்றவர்களின் பொறுமைக்கு அங்கேதான் இடம். மூன்று ரவுண்டில் முதலாவதைத் தோள் இறுகிக் கோட்டைவிட்டவன் மீதி இரண்டையும் வென்றே ஆக வேண்டும். ஆகவே மிரட்டல் அதிகம் பலிப்பது புகழ் குறைந்த, விளக்கு மங்கிய, மாவட்ட அளவுச் சிறுவர் போட்டிகளில்தான். அங்கே மிரட்டுவதற்கு முகமது அலி தேவையில்லை. எதிரணிப் பையன்கள் ஒரே மாதிரி டிராக் சூட்டில் வந்து நின்றாலே போதும், பேர்பெற்ற கிளப்பின் பெயர் முதுகில் இருந்தாலே போதும்.

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து போகும் பையன் அப்படித்தான் போய் நிற்பான். அவன் பின்னால் பரம்பரை இல்லை. அதனால் அதன் சுமையும் இல்லை, கவசமும் இல்லை. கைப்பேசியில் எதிராளியின் காணொளி கிடைக்கும். தூரம் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் காணொளியில் வருவது எதிராளி தேர்ந்தெடுத்த நாக் அவுட்டுகள், மேலே பாட்டு, மெதுவாக்கிய காட்சி. பழைய சுவரொட்டியின் வேலையைத்தான் அது செய்கிறது. அவன் மூச்சு வாங்கிய மூன்றாவது ரவுண்டை யாரும் பதிவேற்ற மாட்டார்கள்.

இதற்குப் பேச்சுப் பயிற்சியோ முறைத்துப் பார்க்கும் பயிற்சியோ உதவாது. வாத்தியார்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். திருவொற்றியூரில் ஒரு கூடம், வியாசர்பாடியில் ஒரு கூடம், ராயபுரத்தில் ஒரு கூடம் என்று மாதம் ஒருமுறை மாறி மாறிப் போய், தெரியாதவர்களோடு, பரிசும் சான்றிதழும் இல்லாமல், ஸ்பாரிங் போட வேண்டும். இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரரின் பேரனும் சார்பட்டாக்காரரின் பேரனும் அங்கே ஒரே மூலையில் தண்ணீர் குடிக்கட்டும். பழைய வாத்தியார்கள் இதை ஒப்புவார்களா என்பது சந்தேகம்தான். சீடனின் பலவீனம் வெளியே தெரிந்துவிடும் என்பார்கள். தெரியத்தான் செய்யும், எதிராளியுடையதும் தெரியும்.